மூன்று நாள் முந்திப் போன பட்டியல்

அவளுடைய வக்கீல் வாழ்க்கையை அவள் வாங்கிய அடிகளை வைத்துச் சொல்வதுதான் சுலபம். வருஷக் கணக்கு அவளுக்கே குழம்பும். எந்த வழக்கு எந்த வருஷம் என்று கேட்டால் கோப்பைப் புரட்டுவாள். எந்த வழக்கில் எங்கே அடி விழுந்தது என்று கேட்டால் புரட்ட வேண்டியதில்லை, தொட்டே காட்டிவிடுவாள்.

முதல் அடி நெற்றியில். அப்போது அவள் முதலாளிகள் பக்கம் இருந்தாள். தொழிலாளர் வழக்குகளில் பேர் போன ஒரு சீனியரிடம் ஜூனியர். அவர் சாதாரண ஆள் இல்லை. கையில் ஒரு துண்டுத்தாள் இல்லாமல் மூன்று மணி நேரம் வாதாடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். எதிரே நிற்கிற தொழிலாளி தன் வாயாலேயே தன் வழக்கைக் கெடுத்துக்கொள்ளும்வரை சிரித்த முகமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஆறு வருஷத்தில் அந்த வித்தை அவளுக்கும் வந்துவிட்டது. சலவைத் தொழிற்சாலை ஒன்றில், வயிற்றில் பிள்ளையோடு வேலை பார்த்த பெண்ணை சூப்பர்வைசர் படிக்கட்டில் தள்ளிவிட்டான். பிள்ளை போய்விட்டது. "படி ஈரமா இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று இவள் குறுக்கு விசாரணையில் பதினோரு தடவை கேட்டாள். பன்னிரண்டாவது தடவை அந்தப் பெண் "ஈரமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி அழுதாள். வழக்கு அதோடு சரி. வெளியே வராண்டாவில் அந்தப் பெண்ணின் அம்மா எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை ஓங்கி இவள் நெற்றியில் ஒரே போடு போட்டாள். ஐந்து தையல்.

போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார் சீனியர். அவள் கொடுக்கவில்லை. அடித்தது நியாயம்தான் என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிய பிறகு அந்த ஆபீஸ் நாற்காலியில் எப்படி உட்காருவது? தையல் பிரித்த அன்றே ராஜினாமா கடிதத்தை நீட்டினாள்.

"எந்தப் பக்கம் போறதா உத்தேசம்?" என்றார் சீனியர்.

"உங்களுக்கு எதிர்ப்பக்கம் சார்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் உருப்படியான எதிரி கிடைச்சு ரொம்ப நாளாச்சு" என்று சிரித்துக் கை கொடுத்தார் மனிதர். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுதான் பின்னால் வினையாகப் போனது.

இரண்டாவது அடி தோளில், போலீஸ் தடியால். பஞ்சாலை வாசலில் கோஷம் போட்டதற்காக இருபது பேரை ஸ்டேஷனுக்கு அள்ளிக்கொண்டு போய் லாடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த அலறல் தெருமுனை வரை கேட்டது. இவள் கறுப்பு கோட்டோடு போய் வாசலை மறித்து நின்று, "என் கட்சிக்காரங்களைப் பாக்காம நகர மாட்டேன்" என்றாள். நகர்த்திவிட்டார்கள். தோள்பட்டை எலும்பு நகர்ந்தது. அந்த வழக்கு ஏழு வருஷம் இழுத்தது. கடைசியில் அடித்த மூன்று பேருக்கு வேலை போனது. இவளுக்கு அந்தக் கையை இன்றைக்கும் தலைக்கு மேல் தூக்க வராது.

மூன்றாவது அடி வாயில். கட்டட வேலையில் ஆள் செத்த ஒரு வழக்கு. பைக்கில் வந்த இரண்டு பேர் ஹெல்மெட்டாலேயே அடித்தார்கள். முன்பல் இரண்டும் காலி. அவளுடைய கணவருக்குத் தொழிலே பல் செட் செய்வதுதான். வீட்டு மாடியில் சிறிய பட்டறை. எந்நேரமும் பிளாஸ்டர் அச்சில் யாரோ ஒருவருடைய தாடை பல்லிளித்துக்கொண்டிருக்கும். அவளுக்கு இரண்டு பல்லைச் செய்து பொருத்திவிட்டு, "பழசைவிட இது வரிசையா இருக்கு. அவனுங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் போட்டுடு" என்றார். சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவளுக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கோர்ட்டில் டைப் அடிக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கடப்பாறை. உள்ளே இறங்கினால் எதையாவது பெயர்க்காமல் வெளியே வராது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

கடப்பாறையின் வேலை முறையில் ஒரு விஷயம் மட்டும் கல்லில் வெட்டினது மாதிரி. சாட்சிப் பட்டியலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சாட்சியின் பெயர், தொழில், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். அவள் கொடுப்பாள், ஆனால் கெடுவின் கடைசி நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்குத்தான் கொடுப்பாள். ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். அன்று காலையிலேயே சாட்சியைக் குடும்பத்தோடு வேறு இடத்துக்கு மாற்றியிருப்பாள். பட்டியலை எடுத்துக்கொண்டு எவனாவது அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் பூட்டுதான் தொங்கும். பதினெட்டு வருஷத்தில் அவளுடைய சாட்சி ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அடியெல்லாம் அவளுக்கே வந்து சேரும்படி பார்த்துக்கொண்டாள் என்று கணவர் கேலி செய்வார்.

அப்புறம்தான் கறித் தொழிற்சாலை வழக்கு வந்தது.

மாட்டை வெட்டித் துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை. அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்த பெண்ணை எல்லோரும் பேக்கிங் அக்கா என்பார்கள். ஃபோர்மேன் பெண்களின் மேல் கை வைக்கிறான் என்று எழுத்து மூலமாகப் புகார் கொடுத்த முதல் ஆள் அவர்தான். புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் அவரை எலும்பு அறுக்கும் ரம்ப மிஷினுக்கு மாற்றினார்கள். பதினோராம் நாள் அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் ரத்தக் கால்வாயில் மிதந்தன. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. நஷ்ட ஈட்டுக்காக அந்தப் பெண்ணே கையைக் கொடுத்துக்கொண்டது என்று கம்பெனி சொல்லி, வேலையை விட்டும் நீக்கியது. கேமரா இருந்தது. ஆனால் பாருங்கள், அன்றைக்கு மட்டும் அது ரிப்பேர்.

ஃபோர்மேன்தான் கையைப் பிடித்து ரம்பத்தில் தள்ளினான் என்று சொல்ல முன்வந்தவர் ஒரே ஒரு ஆள். இருபது வருஷமாக அங்கே எலும்பிலிருந்து கறி பிரிக்கிறவர், கத்திக்காரர் என்றால்தான் தெரியும். அதிகம் பேசாத மனிதர். ஃபோர்மேனுக்குப் பயந்து இரண்டு மாதம் முன்பு வீடு மாறியிருந்தார். புது முகவரி தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே வேலையில் இருந்த மற்ற எட்டுப் பேரும் "நான் அந்தப் பக்கம் திரும்பலை" என்று நழுவிய பிறகு, இவர் மட்டும் கடப்பாறையின் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, "நான் பாத்தேன் வக்கீலம்மா. சொல்லிடறேன்" என்றார். பேக்கிங் அக்காவின் வழக்கு மொத்தமும் இந்த ஒரு வாயில் நின்றது.

கம்பெனிக்கு வக்கீல் பழைய சீனியர்.

பட்டியலுக்குக் கெடு வியாழக்கிழமை. திங்கள்கிழமை காலையில் சீனியர் போன் செய்தார்.

"அம்மா, நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் எழுத்தே பாக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். உன் பட்டியலை இன்னைக்கே அனுப்பினா ஒரு பார்வை பாத்துட்டுப் போய்ப் படுத்துடுவேன். நீ நாலே முக்கால் ஆசாமின்னு ஊருக்கே தெரியும். இந்த ஒரு தடவை கெழவனுக்காக விட்டுக்குடேன்."

அவள் சிரித்துவிட்டாள். தொழிலில் முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவளுடைய கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். வக்கீல்களுக்குள் இந்த மாதிரி மரியாதைகள் உண்டு. கோர்ட்டில் குதறிக்கொள்வார்கள், வெளியே ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். "அதுக்கென்ன சார், இப்பவே அனுப்பறேன்" என்றாள். கத்திக்காரரை வியாழக்கிழமை காலை தன் வீட்டு மாடிக்கே கூட்டிவர ஏற்பாடாகியிருந்தது. நடுவில் இருந்த மூன்று நாள் அவள் புத்தியில் உறைக்கவில்லை. அனுப்பிவிட்டு டீ குடித்தாள்.

புதன்கிழமை விடிந்து ஐந்தே முக்காலுக்குக் கத்திக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தார். வாசலில் மூன்று பேர். ஒருவன் கையில் இரும்புக் குழாய்.

"பட்டியல்ல மூணாவது பேரு நீதானே?"

அவர் பதில் சொல்லும் முன் முதல் அடி முழங்காலில் விழுந்தது. மண்டியிட்டவரின் தலைமுடியைப் பிடித்து ஒருவன் நிமிர்த்த, மற்றவன் தாடையில் குழாயை வீசினான். ஒரு தரம் இல்லை, நான்கு தரம். கீழே விழுந்த பிறகு விலாவில் மிதித்தார்கள். அவர் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்து மேலே விழுந்தாள். அவளைத் தூக்கிச் சுவரில் வீசினார்கள். கையை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வாய்.

கடப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாடையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் இருக்கிற இடமே தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் தலையில் கட்டோடு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பட்டியல் வக்கீலம்மா?" என்றாள். "மூணாவது பேருன்னு கேட்டுட்டு அடிச்சானுங்க. நாங்க வீடு மாறினது என் கூடப் பொறந்தவளுக்கே தெரியாது. இவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சட்டப்படி நாங்க எதிர்த்தரப்புக்கு..." என்று ஆரம்பித்தாள் கடப்பாறை. அதையே சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். சொன்னது பொய்யும் ஆகாது. ஆனால் ஒற்றைக் கண்ணால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். "வியாழக்கிழமை குடுக்க வேண்டியதை மூணு நாள் முன்னாடியே குடுத்தேன். அந்த வக்கீல் எனக்கு வேண்டியவர். கேட்டார், குடுத்துட்டேன். உங்களை நினைக்கவே இல்லை."

மனைவி எழுந்தாள். பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து அடித்தாள். கடப்பாறை கையைத் தூக்கித் தடுக்கவில்லை. காதோரத்தில் பட்டு ஃபிளாஸ்க் உடைந்து வெந்நீர் கழுத்தில் இறங்கியது. "போடி வெளிய! உன் சகவாசத்துக்கு என் புருஷன் வாய்தான் கெடைச்சுதா?" நர்ஸ் ஓடி வந்து பிரித்தாள். கத்திக்காரர் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் பதினெட்டு வருஷத்தில் வாங்கிய எதுவும் இந்த முதுகு மாதிரி வலித்ததில்லை.

வெந்த கழுத்தோடு நேரே சீனியரின் ஆபீசுக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் நிஜம்தான். அதாவது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் கிளையண்டுக்கு அனுப்பி வெச்சேன்மா. அது என் கடமை. அவங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தீங்க சார். அந்த வித்தையும் எனக்கு நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

மேஜை மேல் இருந்த வெண்கலப் பேப்பர் வெயிட்டை எடுத்து மேஜைக் கண்ணாடியில் ஓங்கிப் போட்டாள். கண்ணாடி சில்லு சில்லாகப் போய் அவர் மடியில் கொட்டியது. அவர் தலையை நோக்கி எறியாமல் மேஜையில் போட்டதற்கு அவள் அந்த நிமிஷம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போது கேட்டாலும், எறிந்திருக்கலாம் என்றுதான் சொல்வாள்.

விசாரணைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை போவாள், உள்ளே போக மாட்டாள். கத்திக்காரர் வராவிட்டால் பேக்கிங் அக்காவுக்கு வேலையும் இல்லை, நியாயமும் இல்லை. தானே கையை அறுத்துக்கொண்ட பொம்பளை என்ற பேர் மட்டும் மிஞ்சும். "வரச் சொல்லிக் கேளுங்களேன்" என்றார் கணவர். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றாள்.

விசாரணை நாளன்று கத்திக்காரர் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கதவைத் தள்ளிக்கொண்டு கத்திக்காரர் வந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். தாடையில் இன்னும் கம்பி. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கடப்பாறையின் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை.

வாய் திறக்க முடியாத சாட்சி எழுதிக் காட்டலாம் என்று நீதிபதி அனுமதித்தார். அவர் எழுதியதை பெஞ்ச் கிளார்க் வாசித்தார்: 'ஃபோர்மேன் பின்னால வந்தான். அந்தம்மா கையைப் பிடிச்சு மிஷினுக்குள்ள தள்ளினான். நான் எட்டடி தூரத்துல நின்னேன்.'

சீனியர் எழுந்தார். அதே சிரித்த முகம், அதே தேன் குரல்.

"நல்லா உழைச்ச பொம்பளை. மூட்டை தூக்குற கை. ஒருத்தன் வந்து பிடிச்சா இழுத்துக்க மாட்டாங்களா? உதற மாட்டாங்களா? ஒரே ஆள், ஒரே கையால, ஓடுற ரம்பத்துக்குள்ள... முடியற காரியமா? எங்கே, எப்படித் தள்ளினான்னு இவரைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்."

கத்திக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். யார் மேல் காட்டுவது? கோர்ட் உதவியாளர் இரண்டடி பின்னால் போனார். கடப்பாறை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முன்னால் வந்து, ரம்பத்துக்குப் பதிலாக மேஜை விளிம்பில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்துக்கொள்ளும்படி பெஞ்ச் கிளார்க்கிடம் சொன்னாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

"என் மேல காட்டுங்க" என்றாள். "நான் இழுத்துப்பேன். முழு பலத்தோட இழுப்பேன். அதையும் பதிவு பண்ணிக்கோங்க."

அவர் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். பின்னால் போய் நின்றார். இடது கை அவள் பிடரியில் விழுந்தது. வலது கை மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக முறுக்கியது. முழங்கை பூட்டிக்கொண்டது. இருபது வருஷம் எலும்பின் மூட்டு மூட்டாகப் பார்த்துப் பிரித்த கை அது. எங்கே பிடித்தால் உடம்பு மொத்தமும் பின்னாலேயே வரும் என்று அதற்குத் தெரியும். அவள் உதறினாள். காலை ஊன்றி இழுத்தாள். உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் போட்டாள். ஒரு அங்குலம் நகரவில்லை. தன் கையே தனக்கு எதிராக மேஜையை நோக்கிப் போவதைக் கண்ணால் பார்த்தாள். பேக்கிங் அக்கா எதைப் பார்த்தார் என்று இப்போது தெரிந்தது. ஸ்கேல் தெறித்து விழுந்தது. கை மேஜையில் மோதிய பிறகும் பிடி தளரவில்லை, இன்னொரு முறுக்கு. மணிக்கட்டில் ஏதோ பட்டென்று முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"அம்மா!" என்று அலறிவிட்டாள். கடப்பாறை அலறி அந்த கோர்ட்டில் யாரும் கேட்டதில்லை. நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எழுதிக்கோங்க" என்றாள், மேஜையில் சாய்ந்தபடியே.

ஸ்டெனோ நோட்டில் பக்கத்தைத் திருப்பினார். "என்னன்னும்மா எழுதறது?"

"வக்கீல் கையை இழுத்தார். முடியவில்லை. அப்படின்னு எழுதிக்கோங்க."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் கேள்வி இல்லை என்றார். நாற்பது நாள் கழித்து வந்த தீர்ப்பில், பிடியில் சிக்கிய ஆளால் தப்ப முடியாது என்பதை நீதிமன்றம் நேரில் கண்டது என்று ஒரு முழுப் பத்தி இருந்தது. பேக்கிங் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஃபோர்மேன் மேல் கொலை முயற்சி வழக்குப் பதிவானது. குழாயோடு வந்த மூன்று பேர் யாரென்று இன்றுவரை போலீசுக்குத் தெரியாது.

ஆனால் அன்றைக்கு, வராண்டா பெஞ்சில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் தெரியாது. பேக்கிங் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கத்திக்காரர் காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். நோட்டைத் திறந்து நின்றபடியே எழுதி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

'மடக்கினது அவன் மடக்கின மாதிரியேதான். ஒடைச்சது மட்டும் நான்.'

அவள் படித்தாள். "தெரியும்ணே" என்றாள்.

அவர் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மன்னித்ததாகவும் காட்டவில்லை, மன்னிக்காததாகவும் காட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். தெருவில் நின்றிருந்த மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்து மறையும்வரை கடப்பாறை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், நிற்கவில்லை. போகிற வருகிற வக்கீல்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

பேக்கிங் அக்கா வலது கையில் மிஞ்சிய ஒற்றைக் கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"கை ரொம்ப வலிக்குதா வக்கீலம்மா?"

"ஆமாக்கா" என்றாள்.